சங்கு வைத்த பாட்டு

நான் ஒரு பாட்டுக்கு இசையமைத்தேன் என்று யாரிடமாவது சொன்னால், அவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் லேசாகச் சிரிப்பார். தான் செய்ததை வெளியே சொல்லிக்கொள்ள விரும்பாத பெரிய மனிதர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அந்தப் பாட்டுக்கு அவர் செய்த உதவி, லேப்டாப் சார்ஜர் வயர் பிய்ந்துபோன இடத்தில் டேப் சுற்றிக் கொடுத்தது. அதுவும் நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு.

நான் பிறந்தது பெரம்பலூர். வாக்கப்பட்டது அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊரே என்மேல் கோபமாக இருந்த ஒரு காலை வேளையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், பெயரைப் போட்டு மறுபடி கிளறுவானேன். எனக்கு வேலை அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில். பட்டா மாறுதல் மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பிளக்ஸ் பேனர் எல்லாம் என் விரலால் டைப் ஆகிப் போகும். கீழே கையெழுத்து மட்டும் வேறு யாருடையதாவது இருக்கும். அந்த வேலையின் லட்சணமே அதுதான் என்பதால் அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

கடையில் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம் செல்போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. உங்கள் வீட்டையே ஸ்டுடியோ ஆக்குங்கள் என்றான் ஒருவன். அவனுக்குப் பின்னால் நீல விளக்கு, சுவரெல்லாம் பஞ்சு. எங்கள் வீட்டுச் சுவரில் பஞ்சு கிடையாது, சிமெண்ட் தூசிதான் உண்டு. ஆனால் சாப்ட்வேர் இலவசம் என்றான். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று சொல்வார்கள் இல்லையா, அந்த ஜாதியில் நானும் ஒருத்தி. என்னிடம் இருந்த லேப்டாப்பும் இலவசம்தான், பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. இலவசத்துக்குள் இலவசத்தை ஏற்றிவிட்டேன்.

திறந்து பார்த்தால் கட்டம் கட்டமாக ஒரு வெற்றுத் திரை. ஒரு பட்டனை அழுத்தினேன். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓட ஆரம்பித்தது. பாட்டே இல்லாமல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடவே டிக் டிக் என்று ஒரு சத்தம், நான் கேட்காமலே என்னை அவசரப்படுத்தியது. வீட்டில் இருக்கிறவர்கள் போதாதென்று இது வேறு. கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு சுரம் வரும் என்று வீடியோவில் சொன்னார்கள். தட்டினேன். வந்தது, ஆனால் சற்று யோசித்துவிட்டு வந்தது. லேப்டாப் பழசு, அதனால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எங்கள் வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் அவ்வளவு நேரம் கழித்துத்தான் வருவார்கள், ஆகவே எனக்கு அதில் சிரமம் தெரியவில்லை.

என் சங்கீதப் பயிற்சி என்பது பெரம்பலூரில் பள்ளிக்கூட பிரேயரில் முன்வரிசையில் நின்று பாடியது. மற்றதை வீடியோக்களில்தான் கற்றேன். அந்த வாத்தியார்கள் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், எல்லாரும் என்னை 'புரோ' என்றார்கள். 'இது ரொம்ப சிம்பிள் புரோ' என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் திரையில் புதிதாக ஒரு ஜன்னல் திறக்கும், அதில் இருபது குமிழ்கள் இருக்கும். நான் ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்தேன். பாதிக் குமிழ்களுக்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திருகினால் நன்றாக இருப்பது மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

முதலில் போட்ட நாலைந்து மெட்டுகளும் ஒரே மாதிரி வந்தன. ஒரு சாயங்காலம் அதை ஓடவிட்டு நான் கட்டங்களை நகர்த்திக்கொண்டிருந்தபோது என் மாமியார் எட்டிப் பார்த்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"யாருக்கு போன் போட்டு இவ்ளோ நேரமா காத்துக்கெடக்குற?" என்று கேட்டார்.

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். கேஸ் புக் பண்ணப் போன் போட்டால் காத்திருக்கச் சொல்லி ஒன்று பாடுமே, அதுதான் வந்துகொண்டிருந்தது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் அழித்தேன்.

அழித்த கையோடு ஒரு சந்தர்ப்பமும் வந்தது. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரருக்கு அக்கா, பெரம்பலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் ஊர்க் குலதெய்வக் கோயிலில்தான் குத்துவதாக வேண்டுதல். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், ஆகவே என் வீட்டுக்காரர்தான் அன்றைக்கு ராஜா. தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு என்று மாமன் சீர் மேளத்தோடு போக வேண்டும். அந்தச் சீரில் ஒரு பாட்டையும் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைக்கென்றே போட்ட பாட்டு. வேறு எந்தக் காதுகுத்திலும் கேட்டிராத பாட்டு.

மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 'இது இவள் போட்டது' என்று அந்தக் குடும்பத்தில் ஒருவர், ஒரே ஒருவர், வாய்விட்டுச் சொன்னால் போதும். அதற்குத்தான் அத்தனை பாடும்.

பாட்டை நானே எழுதினேன். 'மாமன் வர்றாரு மினிலாரியில, மணித்தோடு மின்னுது பெட்டியில' என்று தொடங்கும். சீர் நிஜமாகவே மினிலாரியில்தான் போகப்போகிறது, அதனால் இலக்கியத்துக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எழவில்லை. மெட்டு வாயில் நன்றாக வந்தது. கட்டத்துக்குள் போட்டால் மட்டும் நொண்டியது. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கட்டம் மீந்து நின்றது. அந்தக் கட்டத்தில் எதையாவது திணித்தால் மாமன் மினிலாரியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு வருவது போல இருந்தது. பல நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது, சாப்ட்வேர் எல்லாவற்றையும் நாலு நாலாக எண்ணுகிறது, என் பாட்டு மூன்று மூன்றாக நடக்கிறது. உலகத்தில் எல்லாரும் நாலு நாலாகத்தான் அடி வைப்பார்கள் என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மேலே மூலையில் ஒரு சின்ன எண். அதை மாற்றினேன். மாமன் ஜம்மென்று வந்து இறங்கினார்.

அடுத்த கஷ்டம், தாளத்துக்கு வாத்தியம். சாப்ட்வேரில் இந்தியா என்று ஒரு வாத்தியப் பெட்டி இருந்தது, ஆசையாகத் திறந்தேன். சிதார் இருந்தது, தபலா இருந்தது, ஓம் என்று சொல்லும் ஓர் ஆள் இருந்தார். தவில் இல்லை, உறுமி இல்லை. எங்கள் ஊர் அந்த இந்தியாவில் சேரவில்லை போலிருக்கிறது. கடைசியில் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துத் தட்டி, செல்போனில் ரெக்கார்ட் செய்து, அதை வெட்டி ஒட்டினேன். அத்தை அடுப்படியிலிருந்து, "தண்ணி வரலன்னா குடத்த அடிச்சா வந்துருமா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொன்னால் அதுவும் ரெக்கார்டில் விழும் என்று பேசாமல் தட்டினேன்.

பாடியதும் நானே. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் நின்று செல்போனைப் பிடித்துக்கொண்டு பாடினேன். வேர்த்துக் கொட்டியது. நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு தடவையில், சரணத்துக்கு முன்னால் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், சங்கு ஊதிவிட்டது.

சங்கு என்றால் சுரங்கத்துச் சைரன். எங்கள் ஊரில் அதைச் சங்கு என்றுதான் சொல்வோம். மதியம் வெடி வைப்பதற்கு முன்னால் நீளமாக ஒன்று ஊதுவார்கள். சற்று நேரத்தில் வெடி வெடிக்கும், தரை ஒரு குலுங்கு குலுங்கும். அப்புறம் குட்டையாக ஒரு சங்கு, முடிந்துவிட்டது என்று அர்த்தம். நீளச் சங்குக்கும் குட்டைச் சங்குக்கும் நடுவில் ஊரில் யாருடைய கையும் அசையாது. சலூன்காரர் கத்தியைத் தாடையிலிருந்து எடுத்துவிடுவார். தையல்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவார். டீ ஆற்றுகிறவர் கிளாசைக் கீழே வைத்துவிடுவார். வீட்டில் பெண்கள் அலமாரியில் ஓரத்தில் இருக்கும் பாத்திரத்தைக் கையால் அணைத்துக்கொள்வார்கள். 'சங்கு ஊதுனா கை நிக்கணும்' என்று கல்யாணமாகி வந்த முதல் வாரமே அத்தை எனக்குச் சொல்லிவிட்டார். நான் பெரம்பலூர்க்காரி, சிரித்தேன். அன்றைக்குச் சாம்பார் முழுவதும் என் கால்மேல் கொட்டியது. அதிலிருந்து சிரிப்பதில்லை.

அந்த ரெக்கார்டை அழிக்கப் போனேன். அழிக்கும் முன் ஒரு தடவை கேட்டேன். சங்கு என் பாட்டின் சுருதியிலேயே நின்றது. பக்கத்தில்கூட இல்லை, அதே இடத்தில். ஒரு மயிரிழை மட்டும் இறக்கினேன், அச்சாகப் பொருந்திவிட்டது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒருவர் ஒத்து ஊதுவாரே, அந்த மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் எனக்கு முதன்முதலாக ஒத்து ஊதியது சுரங்கம்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சரணத்துக்கு முன்னால் குடத்தை நிறுத்தினேன், குரலை நிறுத்தினேன், எல்லாவற்றையும் நிறுத்தி, அந்த நீளச் சங்கை மட்டும் தனியாக விட்டேன். வெடியையும் குட்டைச் சங்கையும் வெட்டி எறிந்தேன். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் சங்கு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், எங்கோ தொலைவில் யாரோ ஊதுவது போல அவ்வளவு இதமாக இருந்தது. பாட்டைப் பல ஸ்பீக்கர்களில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வீடியோ வாத்தியார் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். வீடியோவில் அந்த இடம் வந்தபோது நான் குக்கரை இறக்க எழுந்து போயிருந்தேன்.

பாட்டை வெளியே எடுக்கும்போது சாப்ட்வேர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. கலைஞர் பெயர் என்ன என்று ஒரு காலிப் பெட்டி. எத்தனையோ பேர் பெயரை டைப் அடித்த விரலுக்குச் சொந்தப் பெயரை அடிக்கக் கூச்சமாக இருந்தது. அடித்தேன். அதைப் பென் டிரைவில் போட்டுக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரரின் தம்பி அவர், ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். அவருடைய மிக்சரில் செருகியதும் என் பெயர் வரும் என்று எட்டிப் பார்த்தேன். 01 என்று வந்தது.

"பேஸ் பத்தல அண்ணி," என்றார். அடிச்சத்தம் கனமாக இல்லையாம், அவ்வளவுதான். அவர் பாட்டைக் கேட்டதுகூடச் செல்போன் ஹெட்செட்டில், ஒரு காதில், இன்னொரு காதில் யாருடனோ பேசிக்கொண்டு. அது அவருடைய தொழில் பழக்கம்.

வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அத்தை முழுவதும் கேட்டார். "கம்ப்யூட்டரு நல்லாத்தான் பாடுது," என்றார். குரல் என்னுடையது, தினமும் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல். என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் ஒருவர், சிமெண்ட் ஆலையில் அவரோடு பேக்கிங்கில் வேலை பார்ப்பவர், "இப்பல்லாம் ஏஐகிட்ட சொன்னா அதுவே போட்டுக் குடுத்துருது" என்று எனக்கு விளக்கினார். நாத்தனாருக்குப் போனில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார், அழுதுவிட்டார். "என் தம்பி எனக்காக பாட்டே போட்டுட்டான்" என்றார். மெதுவாகச் சொன்னேன், போட்டது நான் என்று.

"யாருக்கு காது குத்துற? காதுகுத்து எம்பொண்ணுக்கு," என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், வேறு யாரைப் பற்றியாவது இருந்திருந்தால்.

அதற்கு மேலும் ஒன்று நடந்தது. நாத்தனார் வீட்டுக்காரர் பிளக்ஸ் அடிக்க எங்கள் கடைக்கே வந்தார். வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். 'தாய்மாமன் இசையமைத்து வழங்கும் இன்னிசைச் சீர்' என்று நடுவில் பெரிதாக வர வேண்டும், பக்கத்தில் என் வீட்டுக்காரர் கூலிங்கிளாஸ் போட்ட போட்டோ. நான்தான் டைப் அடித்தேன். 'இசையமைத்து' என்பதற்குப் பின்னால் ஒற்று மிகாது என்பதைக்கூடச் சரிபார்த்தேன். கேட்டிருக்கலாம்தான். ஆனால் என் பெயரையும் போடுங்கள் என்று நானே கேட்பது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு என் இலைக்கு இன்னொரு வடை வேண்டும் என்று கூவுவது மாதிரி. பசி இருக்கும், வாய் வராது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"என்னங்க, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"பிளக்ஸ்ல என்ன இருக்கு, வுடு. நம்ம வூட்டுக்குத்தான பேரு," என்றார்.

நம்ம வீடு என்பதில் நான் எந்த மூலையில் இருக்கிறேன் என்று கேட்க வந்தது. அவர் அதற்குள் போட்டோவில் கூலிங்கிளாஸ் பொருத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. உண்மையிலேயே மனுஷன் நன்றாகத்தான் இருந்தார்.

காதுகுத்து அன்றைக்குக் காலையில் மினிலாரியில் சீர் வந்து இறங்கியது. கோயில் வாசலில் பந்தல், வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், கீழே ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். கீழப்பழுவூர் பக்கத்திலிருந்துகூட உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பிளக்ஸைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் கையைக் குலுக்கினார்கள். "எங்கப்பா கத்துக்கிட்ட?" என்று கேட்டார்கள். "சும்மா அப்படியே," என்றார் அவர். நான் தாம்பாளத்தோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்தாள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆசாரி காதில் புள்ளி வைத்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். "மாமன் பாட்டப் போடுப்பா," என்றார் நாத்தனார். கொழுந்தனார் மிக்சரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

குடம் கிளம்பியது. அந்தப் பெட்டிகளில் என் பிளாஸ்டிக் குடம் தவிலுக்குத் தவிலாக அதிர்ந்தது. என் குரல் வேப்பமரத்திலிருந்து ஊருக்கெல்லாம் கேட்டது. பல்லவி முடிந்தது. ஆசாரி ஊசியைக் காதுக்குக் கொண்டுபோனார். குடம் நின்றது, குரல் நின்றது.

சங்கு ஊதியது.

சுரங்கத்துச் சங்கும் குழாயிலிருந்துதான் வருகிறது, இதுவும் குழாயிலிருந்துதான் வந்தது. லேப்டாப்பில் ஒத்து மாதிரி இழைந்தது, இங்கே அசல் சங்காக எழுந்து நின்றது. ஆசாரியின் கை அப்படியே நின்றது. ஊசியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பின்பக்கம் சமையல்காரர்கள் ஓடிப்போய்ச் சாம்பார் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் தாம்பாளங்களை மடியோடு அணைத்தார்கள். பெரம்பலூர்க்காரர்கள் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள். கொழுந்தனார் டீயைப் போட்டுவிட்டு ஓடிவந்து சவுண்டை நிறுத்தினார், அதற்குள் சங்கு ஓய்ந்து சரணம் தொடங்கியிருந்தது.

எல்லாரும் வெடிக்காகக் காத்திருந்தார்கள். வெடி வரவில்லை. குட்டைச் சங்கும் வரவில்லை. அது வராமல் கையை அசைக்க யாருக்கும் தைரியம் இல்லை.

"காலைலயே என்னாத்துக்கு வெக்கிறான்?" என்றார் ஒருவர்.

"இன்னைக்கி வெடி கெடையாதுன்னுல்ல சொன்னாங்க," என்றார் என் வீட்டுக்காரர், மடியில் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

சொல்லிவிட வேண்டும் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன், அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யாரோ சுரங்கத்தில் வேலை பார்க்கும் மைத்துனனுக்குப் போன் போட்டார்கள். இங்கே யாரும் ஊதவில்லை என்று அவன் சொன்னான். அப்படியென்றால் காதுக்குப் பட்ட பிரமை என்று முடிவு செய்தார்கள். ஊருக்கே ஒரே நேரத்தில் ஒரே பிரமை. "நேரம் போவுது, மொதல்லேர்ந்து போடுப்பா," என்றார் அத்தை.

கொழுந்தனார் மொதல்லேர்ந்து போட்டார். மாமன் மறுபடி மினிலாரியில் வந்தார். ஆசாரி மறுபடி ஊசியை எடுத்தார். குடம் நின்றது. சங்கு ஊதியது. இந்தத் தடவை கொழுந்தனார் மிக்சர் பக்கத்திலேயே இருந்தார். சட்டென்று சவுண்டை இறக்கினார், சங்கும் இறங்கியது. அவர் குமிழைப் பார்த்தார். மெதுவாக ஏற்றினார். சங்கு ஏறியது. இறக்கினார். ஓய்ந்தது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

பந்தல் முழுவதும் அவர் கண் போன பக்கம் திரும்பியது.

"பாட்டுலயா இருக்கு சங்கு?" என்று அத்தை கேட்டார். "நல்ல காரியத்துல சங்கு ஊதுறதா? எவன் வேல இது?" எங்கள் பக்கம் நல்ல காரியத்தில் சங்கு என்ற சொல்லையே யாரும் எடுக்க மாட்டார்கள். சங்கு ஊதுவது சாவுக்கு.

எல்லாரும் பிளக்ஸைப் பார்த்தார்கள். பிளக்ஸிலிருந்து பார்வை அதே முகத்தோடு மடியில் பிள்ளையை வைத்திருந்தவருக்கு இறங்கியது. அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார். "மெட்டு, தாளம், பாட்டு எல்லாம் அவதான். நான் வயர்ல டேப்புதான் சுத்துனேன்."

கொழுந்தனார் நல்லவர். என் பக்கத்தில் வந்து மெதுவான குரலில், "அண்ணி, நெட்ல எறக்குன பாட்டு, அதுலயே இருந்துச்சுன்னு சொல்லிருவோம். கம்ப்யூட்டர் பண்ண கோளாறுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க பேசாம இருங்க, நான் பாத்துக்கறேன்," என்றார்.

சரிதான். தலையை ஆட்டினால் போதும். பழி கம்ப்யூட்டர்மேல் போய்விடும். பாட்டும் அதோடு போய்விடும். இத்தனை நாளாக எல்லாரும் சொன்னதை நானும் ஒரு தடவை சொல்லிவிட்டால், அப்புறம் அது உண்மையாகவே ஆகிவிடும். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா போட்ட? நெசமாவா?" என்று கேட்டார். இதைத்தான் போனிலும் கேட்டிருக்க வேண்டும்.

"ஆமாங்க," என்றேன். "நான்தான் போட்டேன். பாட்டு எழுதுனது, பாடுனது, சங்கு வெச்சது எல்லாம் நான்தான். கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தனை பேர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது அப்படி இருக்கக் கூடாதுதான், இருந்தது.

பாட்டு இல்லாமலே காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டாள், எறும்பு என்று சொன்ன அத்தனை பேரையும் நம்பாத பார்வை பார்த்தாள், பிறகு தோட்டைத் தொட்டுப் பார்த்துச் சமாதானமானாள். அத்தை அதோடு விடவில்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டே ஒவ்வொரு இலைக்கும் என் கதையைச் சேர்த்து வைத்தார். "கம்ப்யூட்டருக்கு நம்மூரு சங்கப் பத்தி என்ன தெரியும்? இவ வெச்சாதான் உண்டு" என்று பாயசத்துக்கு நடுவில் சொன்னது என் காதில் விழுந்தது. தாமதமாக வந்த பெரம்பலூர்க்காரர்கள் பிளக்ஸைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கை நீட்டினால், அத்தையே இடைமறித்து, "அவன் இல்ல, அந்தா நிக்கிறா பாருங்க, அவ," என்று கரண்டியால் காட்டினார். பந்தல் முழுவதும் எனக்கு ஒரே நாளில் பெயர் கிடைத்தது, கரண்டி முனையில்.

கடைசிப் பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். சோற்றை வைத்துக்கொண்டே அத்தை நின்றார். அதுவரைக்கும் ஊரிடம் சொன்னதை இப்போது நேராக என்னிடம் சொன்னார்.

"பாட்டு போடத் தெரிஞ்சவளுக்கு, எத எங்க வெக்கிறதுன்னு தெரிய வேணாமா?"

சாம்பாரில் வைத்த கையோடு நிமிர்ந்து பார்த்தேன். திட்டுத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை அவர் எந்தச் சந்தேகமும் இல்லாமல், குழம்பு வைக்கத் தெரிந்தவள் என்பது மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

"இனிமே பாத்து வெக்கிறேன் அத்தை," என்றேன்.

கரண்டி நின்றது.

"இனிமே வேறயா?" என்றார்.